பதினோராம் எண் முயல் கடைசியாகப் பார்த்தது

மில் தெருவில் பதினாறு பேருக்கு வலது கண்ணின் ஓரத்தில் கூண்டுக் கம்பி தெரிய ஆரம்பித்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் மாற்றுக் கருத்து உள்ள தெரு அது. தையல்காரர் சங்கரபாண்டி கண்ணில் நூல் விழுந்துவிட்டதென்று நினைத்து அரைமணி நேரம் கண்ணைக் கழுவினார், கொம்பையா வாத்தியார் மூக்குக் கண்ணாடியின் சட்டம் வளைந்துவிட்டதென்று அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினார், பீடி சுற்றிக்கொண்டிருந்த உலகு மட்டும் இலையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடினாலும் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்து, தெரிகிறது என்று கண்டுகொண்டு, அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

உலகுவின் அம்மா மாடத்தி மாலையில் வேலை முடிந்து வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு போனபோது தெருவே குழாயடியில் கூடியிருந்தது. ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்: கட்டம் கட்டமாகக் கம்பி, வெள்ளை ஓடு பதித்த சுவர், தலைகீழாகத் தொங்கும் தண்ணீர்ப் புட்டி, சிமிட்டிச் சிமிட்டி எரியும் ஒரு டியூப் லைட். மாடத்தி கேட்டுக்கொண்டே வந்தவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அது எங்க முயல் கூடம்லா," என்றாள்.

தெருக்கோடியில் பழைய நூற்பாலைக் கட்டடத்தில் இருந்தது கண் ஆராய்ச்சி நிலையம். அங்கே முயல் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள் மாடத்தி. டாக்டர் நசீமா ஒன்பது நாளுக்கு முன்னால் பதினாறு வெள்ளை முயல்களுக்கும் வலது கண்ணில் மட்டும் ஊசி போட்டு, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்திருந்தார். நீர் போக வழியில்லாமல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏறப் பின்னால் இருக்கும் நரம்பு நசுங்கும், பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்துகொண்டே வரும். மனிதர்களுக்கு வலியே இல்லாமல் வருகிற கண் அழுத்த நோயை முயலுக்கு வரவழைத்து, அதற்கு ஒரு புது மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் போட்டுப் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. இடது கண்ணைத் தொடுவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கண் வேண்டுமே. இதையெல்லாம் மாடத்தி குழாயடியில் சொல்லி முடித்தபோது, முயல் இழக்கிற ஓரம் எங்கே போகிறது என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏன் நம் தெருவுக்கு, ஏன் இந்தப் பதினாறு பேருக்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

கண் நிலையத்தில் பதினாறு பேரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோதித்தார்கள். அழுத்தம் சரி, நரம்பு சரி, கண்ணில் ஒரு குறையும் இல்லை, அதிகமாகத் தெரிகிறது என்பதற்குச் சீட்டெழுத அவர்களிடம் மருந்தும் இல்லை. மில் தெருக்காரர்கள் திரும்பி வந்து பிழைப்பைப் பார்த்தார்கள். எதிர்க்கூண்டின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு அவரவர் முயல் எது என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். தையல்காரர் மூன்று, வாத்தியார் எட்டு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அந்தோணி பன்னிரண்டு, உலகு பதினொன்று. அதன் பிறகு மாடத்தி வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, கொத்தமல்லித் தண்டும் முள்ளங்கி இலையும் வாங்கிக்கொண்டு போவது வழக்கமாயிற்று, அவரவர் கொடுத்தது அவரவர் கூண்டில் விழுவதை அவரவர் கண்ணோரத்தில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த கோமுவுக்கு ஆறாம் எண். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்துச் சொன்னபோது, அவர்கள் இன்னும் இரண்டு பவுன் போடச் சொல்லிச் சம்மதித்தார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் அந்தத் தெரு வழியாக முயலைத் தூக்கிக்கொண்டு வருவதை விட்டுவிட்டார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் பழகிப்போனது.

பழகாதது ஒன்றே ஒன்றுதான், அது மாடத்தியின் கை.

காலை ஏழு மணிக்கு அவள் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து கையை உள்ளே விடுவாள், அப்போது தெருவில் அந்தந்தக் கூண்டுக்காரர் இருந்த இடத்தில் குறுகிப்போவார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரோடு ஒண்டுவார், தோசை சுட்டவள் கரண்டியைப் போட்டுவிட்டுத் தலையைக் கவிழ்ப்பாள், பஸ்ஸுக்கு நின்ற கொம்பையா வாத்தியார், ஊரே மரியாதை வைத்திருக்கும் மனுஷன், பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிடுவார். மாடத்திக்கு இது முதலில் விளங்கவே இல்லை. முயலைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த நிலையத்தில் ஆள் கிடையாது. பின்னாலிருந்து அணைத்துத் தூக்கி, கண் இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி, துண்டில் கைக்குழந்தையைப் போலச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொள்வாள், பேனா மாதிரிக் கருவியால் டாக்டர் அழுத்தம் பார்த்து முடிக்கும்வரை முயல் துள்ளாது. கண்ணைப் பொத்தினால் அதற்குப் பயம் தெரியாது என்றுதான் பதினோரு வருடமும் நினைத்திருந்தாள். அந்தக் கையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த ஆள் அதுவரை யாரும் இல்லை.

"எப்படிட்டி தெரியுது என் கை?" என்று உலகுவிடம் கேட்டாள்.

உலகு பீடி இலை பரப்பிய சுளவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "பெருசா இருக்கும்மா. மேலேருந்து வரும். வானம் அப்படியே எறங்கி வாரது மாதிரி. நீதான்னு தெரியும். ஒன் வளையல் தெரியும், பெருவிரல்ல சுட்ட தழும்பு தெரியும். நீதான்னு தெரிஞ்சும் செத்துட்டோம்னு தோணும்."

மறுநாள் மாடத்தி வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அது பலிக்கவில்லை. வெந்நீரில் கையைச் சூடுபண்ணிக்கொண்டு தொட்டாள், மெதுவாக விட்டாள், பாட்டுப் பாடிக்கொண்டே விட்டாள். ரப்பர் உறை போட்டுக்கொண்டு விட்ட அன்று தெருவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். குழாயடியில் அவள் கை நீண்டால் மற்றவர்களின் குடம் தானாகப் பின்னால் போயிற்று. பலசரக்குக் கடைக்காரர் பருப்புப் பொட்டலத்தை அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அவள் மேல் யாருக்கும் வருத்தமும் கிடையாது; கையைப் பார்த்தால் உடம்பு தானாக ஒதுங்கியது, அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. உலகுவுக்கு இருபது வயது, நேற்றுவரை அம்மா பின்னிவிட்டால்தான் சடை. இப்போது அவளே பின்னிக்கொண்டாள், கோணலாக.

ஐம்பதாம் நாள் வாக்கில் தெரு இரண்டாகப் பிரிந்தது. எட்டுப் பேருக்குக் கூண்டு ஓரத்தோடு நின்றுவிட்டது, மற்ற எட்டுப் பேருக்கு நடுக்கண்ணை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. சொட்டு மருந்துக்கு எட்டு முயலுக்கு வெள்ளை மூடிப் புட்டி, எட்டுக்கு நீல மூடிப் புட்டி. எதில் மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்று டாக்டருக்கே தெரியக் கூடாது என்பது ஆராய்ச்சியின் சட்டம். மில் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரிந்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது, வெள்ளை மூடிதான் மருந்து. டாக்டர் நசீமா இதைக் கேள்விப்பட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, "என்கிட்ட சொல்லாதீங்க, தயவுசெஞ்சு சொல்லாதீங்க," என்று மாடிப்படி ஏறி ஓடினார். உலகுவின் முயல் நீல மூடி. அறுபதாம் நாள் அவளுக்கு வலது கண் முழுக்கக் கூண்டுதான், இடது கண்ணால்தான் பீடி சுற்றினாள்.

அறுபத்து நாலாம் நாள் மூன்றாம் எண் முயல் வயிறு உப்பிச் செத்துப்போனது. மாடத்தி போய்க் கதவைத் திறக்கும்போது அதற்குக் கொஞ்சம் உயிர் இருந்தது, தூக்கக் கையை விட்டாள், கை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

தையல்காரர் சங்கரபாண்டி அன்று காலையில் போட்ட சத்தம் மலையடிவாரம்வரை கேட்டதாகச் சொன்னார்கள். பிறகு சத்தமே இல்லை. தெருவே அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் தையல் மிஷினுக்குக் கீழே, மிதிகட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூண்டு போயிட்டா அண்ணாச்சி?" என்று அந்தோணி கேட்டார்.

"கூண்டு போவல. எதுவும் போவல," என்றார் சங்கரபாண்டி. "கை வந்துக்கிட்டே இருக்கு. வந்து சேரவும் மாட்டேங்கு, போவவும் மாட்டேங்கு. வந்துக்கிட்டே இருக்கு."

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னார், பத்து நாள் கழித்தும் அதையேதான் சொன்னார். கண்ணைத் துணியால் கட்டிப் பார்த்தார்கள், பயனில்லை, அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது. முயல் கடைசியாகப் பார்த்தது எதுவோ அதுதான் இனி ஆயுசுக்கும் என்று அன்றைக்குத் தெரு தெரிந்துகொண்டது. மாடத்தி தையல்காரர் வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகுதான் தொண்ணூறாம் நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. தொண்ணூறாம் நாள் எல்லா முயலுக்கும் காது நரம்பில் ஊசி போட்டுத் தூங்க வைத்து, கண்ணை எடுத்து, நரம்பைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மாடத்திக்கு இது பழைய சங்கதி. பதினோரு வருடத்தில் எத்தனையோ முறை அவள்தான் பிடித்திருக்கிறாள், அன்று மாலை மட்டும் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நசீமா அவர்களை உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார்.

"எங்க வாப்பாவுக்கு இந்த நோயிலதான் ரெண்டு கண்ணும் போச்சு. நரம்பை எடுத்துப் பாக்காம மருந்து வேலை செஞ்சுதுன்னு நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஆனா நீங்க வேண்டாம்னா நான் செய்யல. எழுதிக் குடுத்துட்டு விட்டுடறேன்."

கொம்பையா வாத்தியார்தான் யோசித்துச் சொன்னார். "விட்டா மட்டும் அது சாவாமலா இருக்கும்? மூணாம் நம்பர் மாதிரி எதையாவது பாத்துட்டுச் செத்துரும். ஒரு பாம்பு வந்து நிக்கட்டும், நாய் வந்து நிக்கட்டும், என்ன செய்வோம்? நடக்கப்போறது நடக்கட்டும் டாக்டரம்மா. எதைப் பாக்கணும்னு மட்டும் நாங்க சொல்லுதோம்."

ஆகவே மில் தெருவில் ஆயுசுக்கும் எதைப் பார்ப்பது என்ற யோசனை ஆரம்பித்தது, சண்டையும் சேர்ந்தே ஆரம்பித்தது. அந்தோணி, கண்ணாடிச் சன்னல் வழியாகத் தென்காசி ரோட்டைக் காட்டினால் போதும், வளைவு இல்லாத இடமாக இருக்கட்டும் என்றார். வாத்தியாருக்கு வெறும் இருட்டு வேண்டும், துடைத்த கரும்பலகை மாதிரி. ஒருத்தருக்குக் கோயில் கோபுரம், ஒருத்திக்குச் செத்துப்போன புருஷன் போட்டோ, ஒரு கிழவர் தனக்குக் கூண்டே போதும், பழகிவிட்டது, புதிதாக எதையும் பார்க்கத் தெம்பில்லை என்றார். கோமு மாப்பிள்ளையின் படத்தைக் கொடுத்தாள், கோமுவின் அம்மா பின்னாலேயே வந்து, "மாப்பிள எப்படி அமையுதானோ, யாரு கண்டா? நீ அம்மன் படத்தையே காட்டிரு மைனி," என்று காதோடு சொல்லி ஒரு காலண்டரைத் திணித்துவிட்டுப் போனாள். பயத்தில் இருந்தவர்கள்தான் என்றாலும் அந்த இரண்டு வாரமும் தெருவில் ஒரு திருவிழாக் களை இருந்தது.

உலகு மட்டும் எதுவும் கேட்கவில்லை. மாடத்தி அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு என்னட்டி காட்டட்டும்?"

"என்னத்த வேணும்னாலும் காட்டும்மா," என்றாள் உலகு. "ஒன் கையை மட்டும் காட்டிராத. அத மட்டும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. ஒன்னைய வெறுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

அன்று முழுக்க மாடத்தி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கைதானே இவளைக் குளிப்பாட்டியது, இந்தக் கைதானே சோறு ஊட்டியது என்று நினைத்து நினைத்து அழுதாள். சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டாள்: மகளுக்குத் தன் முகத்தைக் காட்டுவது. பதினோரு வருடத்தில் எந்த முயலும் அவள் முகத்தைப் பார்த்தது கிடையாது. எப்போதும் பின்னாலிருந்துதான் பிடிப்பாள், எப்போதும் மூக்கையும் வாயையும் மறைத்துத் துணி, தலையில் குல்லா. அவற்றைக் கழற்றிவிட வேண்டும், முன்னால் போக வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும். கண்ணாடியின் முன் நின்று சிரித்துப் பார்த்தாள். பயத்தில் அது சிரிப்பாகவே வரவில்லை, அதனால் மறுபடியும் மறுபடியும் செய்து பார்த்தாள்.

தொண்ணூறாம் நாள் ஐப்பசித் தூறல். பைக்குள் போட்டோக்களும் காலண்டரும் கோபுரப் படமுமாக மாடத்தி போனாள். ஒவ்வொன்றாக நடந்தது. முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, அதனதன் வலது கண்ணுக்கு நேரே அதனதன் காட்சியைப் பிடித்தாள், டாக்டர் காதில் ஊசியை ஏற்றினார், வாத்தியாருடையதற்குக் கண்ணைப் பொத்தினாள், அந்தோணியுடையதைச் சன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்தாள். ஆறாம் எண்ணுக்கு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் அம்மனைக் காட்டினாள். பதினான்கும் முடிந்த பிறகு பதினொன்றை எடுத்தாள்.

"டாக்டரம்மா, இத மட்டும் நீங்க பிடிக்கியளா?"

"எனக்குப் பிடிக்க வராது மாடத்தி. ஒரு உதை விட்டா முதுகு ஒடிஞ்சிரும். அப்புறம் வலியிலதான் போகும்."

மாடத்தி முயலைத் துண்டில் இறுக்கிச் சுற்றி மேசைமேல் வைத்தாள், வாயை மறைத்த துணியையும் குல்லாவையும் கழற்றிப் போட்டாள், மேசைக்கு முன்னால் முட்டிபோட்டு, முயலின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். துள்ளாமல் இருக்க இடது கையைத் துண்டின்மேல் லேசாக வைத்துக்கொண்டாள், வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து அந்தப் பக்கத்துக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் சிரித்தாள். முயலின் மூக்கு வேகமாக அசைந்தது. "இந்தா பாரு, அம்மாவப் பாரு, அம்மாதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் காதில் ஊசியை ஏற்றினார், மூக்கு அசைவது நின்றது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தபடியே இருந்தாள்.

டாக்டர் நசீமா பேனாவை எடுத்து, எடுக்க வேண்டிய வலது கண்ணுக்கு மேலே மையால் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி மாடத்தியின் கை இருந்த பக்கத்தில் விழுந்தது.

"அது இடது கண்ணுல்லா டாக்டரம்மா?"

"இல்ல மாடத்தி. வலது இதுதான்."

பின்னாலிருந்து பிடிக்கும்போது முயலின் வலது பக்கம் அவளுடைய வலது பக்கம்தான். பதினோரு வருடமாக அப்படித்தான் இருந்தது, யோசித்துப் பார்க்க அவசியமே வந்ததில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக எதிரே வந்து நின்றாள், எதிரே நின்றால் பக்கம் மாறும். ஒன்றும் ஆகாத நல்ல கண்ணுக்குச் சிரித்துக் காட்டிவிட்டு, மகளின் கண்ணுக்குக் கையைக் காட்டியிருக்கிறாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தாள்.

தெருவில் தூறலில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். அந்தோணி சிரித்துக்கொண்டிருந்தார், கோமு தாயாரைத் திட்டிக்கொண்டிருந்தாள், யாரோ மாடத்தியைக் கூப்பிட்டார்கள், அவளுக்குக் காதில் விழவில்லை. தையல்காரர் அவளைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன் வீட்டுப் படியில் அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ, நனைந்த சேலை முழுக்க உடம்போடு ஒட்டிவிட்டது. மகள் போடப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

உலகு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் பீடி இலை சிதறிக் கிடந்தது. மாடத்தி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

"பக்கம் மாறிப்போச்சுட்டி," என்றாள். "மொகத்தத்தான் காட்டுனேன். சத்தியமா மொகத்தத்தான் காட்டுனேன். எனக்குப் பக்கம் தெரியாமப் போச்சு."

"ஒன் கைதான் தெரியுது," என்றாள் உலகு.

மாடத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேலேருந்து வரலம்மா. பக்கத்துல கெடக்கு. துண்டு மேல, சும்மா." உலகு வலது கண்ணில் தெரிவதைக் கூர்ந்து பார்ப்பவளாகத் தலையைத் தாழ்த்தினாள். "நடுங்குதும்மா. வெடவெடன்னு நடுங்குது. எங்க யாரையும் விட நீதான் பயந்துருக்க."

"இப்பவும் நடுங்குதா?"

"நிக்கவே இல்ல."

உலகு முட்டியால் நகர்ந்து வந்து, முந்தானையை விலக்கி, ஈரமாயிருந்த அந்த இடது கையை வெளியே எடுத்தாள். எடுக்கும்போது அவள் தோள் ஒருமுறை குறுகியது, ஆனாலும் விடவில்லை. அதுவும் அதே மாதிரிதான் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பிடிப்பதுபோல மூடிக்கொண்டாள், வெளியே தூறல் விட்டது, தெருவில் பேச்சுச் சத்தம் ஓய்ந்தது, மாடத்தியின் கை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி அசைவில்லாமல் கிடந்தது.

"இங்க நின்னுட்டும்மா," என்றாள் உலகு. "அங்க இன்னும் நிக்கல."

"அப்போ விட்டுறாத," என்றாள் மாடத்தி. "இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கோ."